மாத்திரை அட்டையில் தொடங்கலாம்: அன்றாட வாழ்க்கையிலிருந்து ஆங்கிலச் சொற்கள் கற்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுத் திண்ணையில் வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஆங்கிலம் படிக்கிறோம். தையல் வேலை செய்கிற ஓர் அக்கா, பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பேரனைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருகிற ஒரு பாட்டி என்று எல்லாரும் தெருக்காரர்கள்தான். ஏ, பி, சி, டி எல்லாருக்கும் தெரியும். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிக்கவும் வரும். அதற்கு மேல் நகரவில்லை என்பதுதான் எல்லாருக்கும் இருந்த வருத்தம்.

ஒருநாள் தையல் அக்கா சந்தோஷமாக வந்தார். “அக்கவுண்ட்ல ஆயிரத்தைந்நூறு வந்திருக்கு தம்பி, மெசேஜ் வந்துச்சு” என்று போனை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். ‘டெபிட்டட்’ என்று இருந்தது. குழுக் கடன் தவணைக்காகப் பணம் போயிருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆப்பிள், ஆன்ட், ஆக்ஸ் என்று சின்ன வயதில் படித்ததெல்லாம் அவருக்கு இன்றும் மனப்பாடம். கோடாலிக்கு ஆங்கிலம் தெரிகிறது. தன் பணம் வந்ததா போனதா என்று சொல்லும் சொல்லை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்றிலிருந்து வகுப்பில் சொற்பட்டியலை மூடிவைத்துவிட்டோம். கையில் இருக்கும் பொருளிலிருந்தும், நிற்கும் இடத்திலிருந்தும்தான் சொல் எடுக்கிறோம். அப்படிச் செய்து பார்த்து எது பலித்ததோ அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அவற்றின் எழுத்துக்கூட்டல் உங்கள் வீட்டு மாத்திரை அட்டையிலும், அரிசி மூட்டையிலும், ஏ.டி.எம். திரையிலும் இருக்கிறது. அங்கே போய்த் தேடிக் கண்டுபிடித்து, பார்த்து நோட்டில் எழுதுங்கள். நீங்களே தேடி எடுத்த சொல் சீக்கிரம் மறக்காது.

எத்தனை சொல் வேண்டும்?

அகராதியின் தடிமனைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930-ல், அன்றாடப் பேச்சுக்கு 850 சொற்களே போதும் என்று ஒரு பட்டியல் போட்டார். டாக்காவில் வங்காளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து அனுபவப்பட்ட மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 சொற்கள் உண்டு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கேயாவது போய்ச் சேர்ந்தால், பார்க்கிற பலகையையும் வருகிற செய்தியையும் பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம்.

நாளைக்கு ஐந்து சொல், வாரத்தில் ஐந்து நாள் மட்டும். சனியும் ஞாயிறும் பழையதைத் திருப்பிப் பார்க்க. இப்படிப் போனால் வருடத்துக்கு 1300 சொற்கள் சேரும். பாதி மறந்தாலும் 650 மிஞ்சும். அதோடு உங்களிடம் ஏற்கெனவே கையிருப்பு வேறு இருக்கிறது.

முதல் படி: கையிருப்பை எண்ணிப் பாருங்கள்

ஒரு நோட்டை எடுத்து, காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிறவரை வாயில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். பிரஷ், பேஸ்ட், சோப்பு, பக்கெட், கேஸ், ஸ்டவ், குக்கர், டம்ளர், பிளேட், ஃபேன், லைட், சுவிட்ச், சார்ஜர், பஸ், ஸ்டாப், டிக்கெட், சீட், லேட், லீவு, சம்பள அட்வான்ஸ், ரேஷன் கார்டு, போட்டோ, ஜாக்கெட், பட்டன், ஊக்கு… ஊக்கு கூட ‘ஹுக்’ என்ற ஆங்கிலச் சொல்தான் என்று தையல் அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு சாயங்காலத்தில் இருநூறைத் தாண்டாதவர் எங்கள் திண்ணையில் யாருமில்லை. “எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி” என்று சொல்லிக்கொண்டே வந்த பாட்டிதான் அதிகம் எழுதினார். ஆஸ்பத்திரிச் சொற்கள் மட்டுமே அவரிடம் முப்பதுக்கு மேல் இருந்தன.

அப்புறம் ஒவ்வொன்றாக அந்தப் பொருளிலோ கடைப் பலகையிலோ தேடி, ஆங்கில எழுத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். நாம் கடைசியில் ‘உ’ சேர்த்துச் சொல்கிறோம். சோப்பு, கார்டு, ரோடு, பஸ்ஸு என்போம். அந்த ‘உ’ தமிழின் பழக்கம். ஆங்கிலத்தில் அது இருக்காது.

இரண்டாம் படி: ‘பண்ணு’வைக் கழற்றுங்கள்

இந்தப் படிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தமிழில் ஆங்கில வினைச்சொல்லை நாம் தனியாகச் சொல்வதே இல்லை. பின்னால் ‘பண்ணு’ ஒட்டித்தான் சொல்கிறோம். கால் பண்ணு, ஓப்பன் பண்ணு, லாக் பண்ணு, வாஷ் பண்ணு, க்ளீன் பண்ணு, பார்க் பண்ணு, கேன்சல் பண்ணு, ட்ரை பண்ணு. அந்தப் ‘பண்ணு’வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆங்கில வினைச்சொல். அதை வாக்கியத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தால் ஒரு முழு ஆங்கில வாக்கியம் கிடைத்துவிடும்.

“கதவை ஓப்பன் பண்ணு” என்பது “ஓப்பன் த டோர்” ஆகும். “டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு” என்றால் “கேன்சல் த டிக்கெட்”. “எனக்குக் கால் பண்ணு” என்றால் “கால் மீ”. தமிழில் செயல் கடைசியில் வரும், ஆங்கிலத்தில் பொருளுக்கு முன்பே வந்துவிடும். இலக்கணப் புத்தகம் பல பக்கங்களில் சொல்வதை இந்த மூன்று வாக்கியங்களிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

இதே மாதிரி இன்னொரு சாவி ‘-ஆ இருக்கு’. “சட்டை டைட்டா இருக்கு”, “நான் பிஸியா இருக்கேன்”, “நீங்க ஃப்ரீயா இருக்கீங்களா?” என்று தினமும் சொல்கிறோம். ‘ஆ’வை எடுத்துவிடுங்கள். ‘இருக்கு’ என்பதற்குப் பதிலாக ஆம், இஸ், ஆர் மூன்றில் ஒன்று நடுவில் வரும். “த ஷர்ட் இஸ் டைட்”, “ஐ ஆம் பிஸி”. கேள்வியானால் அது முன்னால் போகும்: “ஆர் யூ ஃப்ரீ?” லூஸா, நீட்டா, டயர்டா, ஃப்ரெஷ்ஷா, ஸ்லோவா என்று நீங்கள் சொல்கிற எல்லாவற்றையும் இப்படி மாற்றிப் பாருங்கள். ஒரே சாயங்காலத்தில் நாற்பது வாக்கியம் வரும்.

சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. “ஆபரேஷன் பண்ணாங்க” என்கிறோம், ஆனால் ஆபரேஷன் என்பது பெயர்ச்சொல், வினை ‘ஆபரேட்’. ‘-ஷன்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அது பெயர்தான் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். “மேரேஜ் பண்ணிக்கிட்டாங்க” என்பதிலும் மேரேஜ் பெயர், வினை ‘மேரி’. “ஃபீல் பண்ணாதே” என்று நாம் சொன்னால் வருத்தப்படாதே என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ‘ஃபீல்’ என்றால் உணர்வது மட்டும்தான், சந்தோஷத்தையும் ஃபீல் பண்ணலாம். ஆகவே “டோன்ட் ஃபீல் பேட்” என்று முழுசாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: ஒரு மாத்திரை அட்டையை முழுசாகப் படியுங்கள்

வீட்டில் காய்ச்சல் மாத்திரை அட்டை ஒன்று எப்படியும் இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ‘எக்ஸ்பயரி’. சுருக்கமாக மூன்று எழுத்தில் இருக்கும். காலாவதி என்று நமக்குத் தெரியும். அதன் பக்கத்தில் ‘மேனுஃபேக்சர்’ என்பதன் சுருக்கம், அதாவது தயாரித்த மாதம். பேட்ச் நம்பர். எம்.ஆர்.பி., அதற்குக் கீழே ‘இன்க்ளூசிவ் ஆஃப் ஆல் டாக்ஸஸ்’, எல்லா வரிகளும் சேர்த்து. இதில் ‘ஆல்’ என்ற ஒரு சின்னச் சொல்லைப் பிடியுங்கள். ‘எல்லா’ என்பதை இனிமேல் எங்கே பார்த்தாலும் தெரியும்.

அப்புறம் ‘ஸ்டோர் இன் எ கூல் அண்ட் ட்ரை ப்ளேஸ்’ என்பது போல ஒரு வரி. ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்திருப்போம். இங்கே அது வினை, பத்திரமாக வை என்று அர்த்தம். ஸ்டோர் ரூம் என்று சொல்கிறோமே, அதே ஸ்டோர்தான். கூல் தெரியும். ட்ரை என்றால் ஈரமில்லாத. ‘ட்ரை க்ளீனிங்’, ‘ட்ரை ஃப்ரூட்ஸ்’ எல்லாம் இதிலிருந்து வந்தவை. ‘ட்ரை பண்ணு’ என்பதில் வருவது வேறு சொல். இரண்டையும் எழுதிப் பார்த்தால் முதல் எழுத்தே வேறு என்று தெரியும்.

இப்போது நான் சொல்ல வந்த வரி: ‘கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்’. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வை. இதில் ‘ரீச்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனதும் வீட்டுக்குப் போன் போட்டு “ரீச் ஆயிட்டேன்” என்கிறோம். யாரையாவது கூப்பிட்டால் போனுக்குள்ளிருந்து ஒரு குரல் ‘நாட் ரீச்சபிள்’ என்கிறது. அட்டையில் ‘அவுட் ஆஃப் ரீச்’. மூன்றும் ஒரே சொல். ஊரை எட்டுவது, ஆளை எட்டுவது, கையால் எட்டுவது. தமிழில் ‘எட்டு’ என்ற வினை எப்படி எல்லா இடத்துக்கும் போகிறதோ, அப்படியே ‘ரீச்’ போகிறது. இதை விளக்கிய அன்று பாட்டி சட்டென்று, “அப்போ எட்டாக்கனின்னா அவுட் ஆஃப் ரீச்சா?” என்று கேட்டார். ஆமாம் பாட்டி, அதேதான். ஒரு சொல்லை மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது உங்களுடையதாகிறது. முப்பது சொல்லை ஒருமுறை பார்ப்பதைவிட ஒரு சொல்லை மூன்று இடத்தில் சந்திப்பது மேல் என்பது என் அனுபவம்.

அதே வரியில் இன்னொரு புதையலும் இருக்கிறது: ‘அவுட் ஆஃப்’. எல்லைக்கு வெளியே, கைவிட்டுப் போனது, இல்லாமல் போனது என்று இடத்துக்கேற்ப அர்த்தம் தரும். ஏ.டி.எம். கதவில் ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ என்று தாள் ஒட்டியிருந்தால் வேலை செய்யவில்லை. ‘அவுட் ஆஃப் ஸ்டாக்’ என்றால் சரக்கு தீர்ந்தது.

மருந்துச் சீட்டில் ‘பிஃபோர் ஃபுட்’, ‘ஆஃப்டர் ஃபுட்’ என்று எழுதியிருந்தால், அந்த முன், பின் இரண்டையும் வீட்டுக்குள் இழுத்துப் போடுங்கள். ‘ஆஃப்டர் பாத்’, ‘பிஃபோர் ஸ்கூல்’, ‘ஆஃப்டர் சிக்ஸ்’. தமிழில் குளித்த பிறகு என்று பின்னால் ஒட்டுவதை ஆங்கிலத்தில் முன்னால் வைக்கிறார்கள். மேசை மேல் என்பதும் ‘ஆன் த டேபிள்’ என்று தலைகீழாகத்தான் வரும்.

ஓர் எச்சரிக்கை: இது சொல் கற்பதற்கான பயிற்சி. எந்த மருந்தை எவ்வளவு சாப்பிடுவது என்பதை டாக்டரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் தமிழிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பணம் பேசும் சொற்கள்

தையல் அக்காவின் செய்திக்கு வருகிறேன். ‘க்ரெடிட்டட்’ என்றால் வந்தது, ‘டெபிட்டட்’ என்றால் போனது. இரண்டும் தாளம் ஒன்றாக இருப்பதால் குழம்பும். முதல் எழுத்தைப் பிடியுங்கள். ‘சி’யில் தொடங்கினால் ‘கம்’, பணம் வந்தது. ‘டி’யில் தொடங்கினால் ‘டௌன்’, இருப்பு இறங்கியது. இந்தக் கணக்கை அக்காவேதான் கண்டுபிடித்தார், நான் இல்லை.

பாஸ்புக்கைத் திறந்தால் தலைப்பில் டேட், பர்ட்டிகுலர்ஸ், வித்ட்ராயல், டெபாசிட், பேலன்ஸ் என்று இருக்கும். பேலன்ஸ் நமக்குப் பழக்கம், போன் ரீசார்ஜ் சொல்லிக்கொடுத்தது. டெபாசிட் போட்டது, வித்ட்ராயல் எடுத்தது, பர்ட்டிகுலர்ஸ் விவரம். உங்கள் பாஸ்புக்கில் கடைசிப் பத்து வரிகளை வாசித்து, ஒவ்வொன்றும் வந்ததா போனதா என்று சொல்லிப் பாருங்கள். சொந்தப் பணம் என்பதால் கவனம் தானாக வரும்.

இந்த இடத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வேன். மற்ற எதற்கும் மனப்பாடம் கேட்கமாட்டேன். ‘டு நாட் ஷேர் ஓ.டி.பி. வித் எனிஒன்.’ ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே. ‘டு நாட்’ என்று எங்கே பார்த்தாலும் அங்கே ஒரு தடை இருக்கிறது. ‘எனிஒன்’ என்றால் யாரிடமும்தான். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்கிறவரும் அதில் அடக்கம்.

ஏ.டி.எம்.மில் முதலில் தமிழைத் தேர்ந்தெடுத்து நாலைந்து முறை பணம் எடுங்கள். எந்தத் திரைக்குப் பின் எது வரும் என்று பழகியபின், ஆங்கிலத்தைத் தொடுங்கள். இன்சர்ட் செருகு, என்டர் உள்ளிடு, கலெக்ட் எடுத்துக்கொள்.

மின்கட்டணத்தில் வரும் ‘ட்யூ டேட்’ கட்ட வேண்டிய நாள். தவணையை “டியூ” என்கிறோமே, அதுதான். பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுக்கும் நாளையும் ட்யூ டேட் என்றுதான் சொல்வார்கள். வர வேண்டிய நாள் என்று பொதுவாகப் புரிந்துகொண்டால் இரண்டும் பொருந்தும்.

ஐந்தாம் படி: அடுப்படி

சமையலறையில் பொருளின் பெயரைவிட வேலையின் பெயர் முக்கியம். கட் நறுக்கு, பீல் தோலுரி, சோக் ஊறவை, கிரைண்ட் அரை, பாயில் கொதிக்கவை, ஸ்டீம் ஆவியில் வேகவை, ரோஸ்ட் வறு, ஃப்ரை பொரி, ஸ்டர் கிளறு, ஆட் சேர், போர் ஊற்று. காலையில் இட்லிக்கு மாவு ஊற்றும்போது ‘போர்’ என்றும், மூடி வைக்கும்போது ‘ஸ்டீம்’ என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கை செய்யும்போது வாய் சொன்னால் சொல் கையோடு ஒட்டிக்கொள்ளும். சத்துணவுச் சமையலர் இப்படித்தான் ஒரு வாரத்தில் பதினைந்து வினைச்சொல் பிடித்தார். கூட வேலை செய்கிறவர்களும் சேர்ந்துகொண்டார்களாம்.

பாத்திரங்களின் பெயரிலும் வினை ஒளிந்திருக்கிறது. கிரைண்டரில் ‘-அர்’ எடுத்தால் கிரைண்ட். ஹீட்டரில் ஹீட், சூடாக்கு. ஆனால் குக்கரில் கவனம் வேண்டும். ‘குக்’ என்றால் சமை, சமைக்கிற ஆளும் ‘குக்’தான். ‘குக்கர்’ என்றால் பாத்திரம். “ஐ ஆம் எ குக்கர்” என்று சொல்லிவிடக் கூடாது. டிரைவர் டிரைவ், டீச்சர் டீச் எல்லாம் சரியாக வரும். டெய்லருக்கு மட்டும் வராது, தைப்பது ‘ஸ்டிட்ச்’.

அரிசியில் ஒரு சுவாரசியம். நமக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று சொல். ஆங்கிலத்தில் நெல்லுக்குப் ‘பேடி’ இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் ‘ரைஸ்’தான். மூட்டையில் ‘ரா ரைஸ்’ என்று இருந்தால் பச்சரிசி, ‘பாயில்டு ரைஸ்’ என்று இருந்தால் புழுங்கல். ஆனால் வெளிநாட்டில் ஒருவரிடம் ‘பாயில்டு ரைஸ்’ என்றால் வெந்த சோற்றைத்தான் நினைப்பார். புழுங்கலுக்கு அங்கே ‘பார்பாயில்டு’ என்று சொல்ல வேண்டும். கத்திரிக்காயும் அப்படித்தான். நம் நாட்டு ஆங்கிலத்தில் பிரிஞ்சால், இங்கிலாந்தில் ஓபர்ஜின், அமெரிக்காவில் எக்பிளான்ட்.

பிஸ்கட் பொட்டலத்தில் ‘இன்க்ரீடியன்ட்ஸ்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். சேர்த்திருக்கும் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று சொல்லை வாசித்தாலே உள்ளே என்ன நிறைய இருக்கிறது என்று தெரிந்துவிடும். ‘ஷுகர்’ எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாட்டி இப்போது ஒவ்வொரு பொட்டலத்திலும் பார்க்கிறார். பேரனுக்கு அது பிடிக்கவில்லை.

கறிவேப்பிலைக்கு ஆங்கிலத்தில் ‘கறி லீவ்ஸ்’. அந்தக் ‘கறி’ நம்மிடமிருந்து போனது. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனதும் சுருட்டு ‘செரூட்’ ஆனதும் தமிழிலிருந்துதான். ஆங்கிலம் பேசும்போது கூச்சம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் நம்மிடம் சொல் வாங்கியவர்கள்தான்.

ஆறாம் படி: காதுக்கு இலவச வகுப்பு

ரயில் நிலையத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் நல்ல கேட்டல் பயிற்சி கிடைக்கும். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று தமிழில் சொன்ன அதே செய்தி சற்று நேரத்தில் ஆங்கிலத்திலும் வரும். அர்த்தம் முன்பே தெரிந்துவிட்டதால் காது சொற்களை மட்டும் தேடினால் போதும். ‘அட்டென்ஷன்’ கவனம், ‘அரைவ்’ வந்து சேர், ‘ஷார்ட்லி’ சற்று நேரத்தில், ‘லேட்’ தாமதம். வண்டி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வார்கள். மதுரைக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் 12637 என்றால் ‘ஒன் டூ சிக்ஸ் த்ரீ செவன்’. எண்களைக் காதால் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நேரம் சொல்வதில் ஒரு பள்ளம் உண்டு. ஏழே காலுக்கு ‘குவார்ட்டர் பாஸ்ட் செவன்’, ஏழரைக்கு ‘ஹாஃப் பாஸ்ட் செவன்’. இதுவரை ஏழுதான். ஏழே முக்காலுக்கு மட்டும் ‘குவார்ட்டர் டு எய்ட்’, அதாவது எட்டுக்குக் கால் மணி பாக்கி. ‘எய்ட்’ என்று கேட்டதும் எட்டரைக்குப் போய் நின்றால் வண்டி போயிருக்கும்.

பலகைகளில் ‘நோ பார்க்கிங்’, ‘நோ ஸ்மோக்கிங்’ எல்லாம் ஒரே அச்சு: நோ, வினை, இங். கூடாது என்று அர்த்தம். கதவில் ‘புஷ்’ என்றால் தள்ளு, ‘புல்’ என்றால் இழு.

ஏழாம் படி: நம்மூர் அர்த்தமும் வெளியூர் அர்த்தமும்

சில சொற்கள் தமிழில் குடியேறியபின் அர்த்தம் மாறிவிட்டன. நமக்குள் பேசும்போது அதில் தப்பே இல்லை. வெளியாரிடம் பேசும்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். இட்லி சாப்பிடும் இடம் நமக்கு ஹோட்டல், அவர்களுக்கு ரெஸ்டாரன்ட். அவர்கள் ஹோட்டல் என்றால் தங்கும் விடுதி. கரண்ட் போச்சு என்றால் அங்கே ‘பவர் கட்’. ஜெராக்ஸ் ஒரு கம்பெனியின் பெயர், பொதுச்சொல் ‘போட்டோகாப்பி’. கடையில் கேட்கும் கவர் ‘பேக்’. வகுப்பில் “ஒரு டவுட்” என்கிறோம், அது ‘கொஸ்டின்’. டவுட் என்றால் அவர்களுக்கு நம்பிக்கையில்லாத சந்தேகம். ஆட்டோக்காரருக்காக ஸ்டெப்னியையும் சேர்த்தேன். வேல்ஸ் பகுதியில் ஸ்டெப்னி என்ற தெருவின் பெயரால் வந்த சக்கரம் அது. பொதுவாகச் சொல்ல ‘ஸ்பேர் டயர்’.

எட்டாம் படி: பம்பரம் சொல்லிப் பாருங்கள்

ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைப்பது நல்ல ஊன்றுகோல்தான். ஆனால் அதையே நம்பியிருக்கக் கூடாது. ‘பேக்’ என்று எழுதியிருந்தால் அது தோளில் மாட்டும் பையாக இருக்கலாம், பின்பக்கமாக இருக்கலாம், மூட்டை கட்டுவதாக இருக்கலாம், அடுப்பில் ரொட்டி சுடுவதாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் நான்கும் வேறு வேறு சொல், வேறு வேறு ஒலி.

அந்த ஒலிகளில் பல நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘பம்பரம்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். முதல் ‘ப’வில் வெறும் காற்று. இரண்டாவது ‘ப’வில் தொண்டை அதிரும். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. பேனாவின் முதல் ஒலி அந்த முதல் ‘ப’, பஸ்ஸின் முதல் ஒலி அந்த இரண்டாவது ‘ப’. ‘காங்கேயம்’ சொன்னால் ‘க’வுக்கும் இப்படியே இரண்டு ஒலி கேட்கும். தமிழில் அது சொல்லின் எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்துத் தானாக மாறுகிறது, ஆங்கிலத்தில் நாம் தெரிந்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு.

குறில், நெடில் நமக்குக் கைவந்தது. ‘ஷிப்’ கப்பல், ‘ஷீப்’ ஆடு. ‘ஃபில்’ நிரப்பு, ‘ஃபீல்’ உணர். மற்ற மொழிக்காரர்கள் பலர் திணறும் இடத்தில் தமிழர்கள் சுலபமாகக் கடந்துவிடுவார்கள்.

ஒன்பதாம் படி: காலண்டர் தாள்

கற்றது மறந்துபோகும். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து, மறதி முதல் சில மணி நேரத்திலேயே மிக வேகமாக நடக்கிறது என்று காட்டினார். ஆகவே மறக்கும் முன் திருப்பிப் பார்க்க வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் இதற்கு ஒரு பெட்டி முறை சொன்னார். அதைக் கொஞ்சம் மாற்றி நாங்கள் தினசரி காலண்டரில் செய்கிறோம்.

கிழித்த தாளின் பின்பக்கம் காலியாக இருக்கும். அதை ஐந்து துண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு சொல். ஒரு பக்கம் ஆங்கில எழுத்தில் சொல்லும், அதை எடுத்த இடமும். அச்சடித்த பக்கத்தின் மூலையில் தமிழ் அர்த்தம். இடத்தை எழுத மறக்காதீர்கள்: ‘ரீச், மாத்திரை அட்டை’. அர்த்தம் வராதபோது இடம் நினைவுக்கு வரும், இடம் அர்த்தத்தை இழுத்துக்கொண்டு வரும்.

மூன்று காலி ஸ்வீட் பெட்டிகள் வேண்டும். புதுச் சொல் முதல் பெட்டிக்குள் போகும், அதைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்னால் இரண்டாம் பெட்டிக்கு ஏறும், அது வாரத்துக்கு இரண்டு முறை. அங்கேயும் சரியென்றால் மூன்றாம் பெட்டி, மாதத்துக்கு ஒருமுறை. எங்கே தவறினாலும் முதல் பெட்டிக்கே திரும்ப வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம்.

பத்தாம் படி: வாய் திறப்பது

சொல் சேர்ந்தும் பேசாமல் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பயம் ஒன்றுதான் காரணம், மரியாதை தவறிவிடுமோ என்று. தமிழில் ‘ங்க’ சேர்த்துவிட்டால் மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒரே ‘யூ’. மரியாதையைத் தனிச் சொல்லாகத்தான் கொடுக்க வேண்டும். கேட்கும்போது ‘ப்ளீஸ்’, கூப்பிடும்போது ‘எக்ஸ்க்யூஸ் மீ’, வாங்கியதும் ‘தேங்க் யூ’. “கிவ் மீ வாட்டர்” என்றால் அதட்டுவது போலிருக்கும். “வாட்டர், ப்ளீஸ்” என்ற இரண்டே சொல்லில் ‘தண்ணி குடுங்க’ வந்துவிடும்.

எதிராளி வேகமாகப் பேசி ஒன்றும் பிடிபடவில்லை என்றால் கைகொடுக்க மூன்று வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். “ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி”, மெதுவாகப் பேசுங்கள். “ப்ளீஸ் சே இட் அகெய்ன்”, இன்னொரு தடவை சொல்லுங்கள். “வாட் இஸ் த மீனிங் ஆஃப் திஸ் வேர்டு?”, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? மூன்றாவது வாக்கியம் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஒரு புதுத் துண்டுத் தாள் கிடைக்கும்.

போன வாரம் தையல் அக்காவுக்கு வெளிமாநில வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஆனால் வாங்கிப் பேசவில்லை. அக்கா ஒரு நிமிடம் தடுமாறினார். அப்புறம், “ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி மேடம்” என்றார். இரண்டு நிமிடம் கழித்து, “ஜாக்கெட் இஸ் ரெடி. ஆஃப்டர் சிக்ஸ் கம், ப்ளீஸ்.” ‘கம்’ முன்னால் வந்திருக்க வேண்டும். ஆறு மணிக்கு அந்த அம்மா வந்து ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார். போனில் வந்த செய்தியை அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தார்: க்ரெடிட்டட்.